ஆணியில் தொங்கிய முகமூடி

நகராட்சி அலுவலகத்தின் மாடி அறையில் அன்று காலை மீசைக்கு இருப்புக் கொள்ளவில்லை. மீசை என்றால் ஆள்தான். அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று அவருக்கு உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. பாதுகாப்புப் பிரிவின் உதவியாளர். ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயது. மூக்குக்குக் கீழே கருகருவென்று ஒரு மீசை. அதன் இடது பக்கத்தில் மட்டும் விரல்நுனி அகலத்துக்கு ஒரு வெட்டு. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து கிழித்துக்கொண்ட இடம். அங்கே முடி முளைக்கவே மாட்டேன் என்றுவிட்டது. அதுவும் ஒரு அழகுதான் என்று மனைவி சொன்னதை நம்பி இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டார்.

மீசையின் கறுப்பு இயற்கையானது என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியில் அவரைத் தவிர வேறு உறுப்பினர் கிடையாது. இப்போது பீரோக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"நேத்துக் காலையில பண்ணினது, மத்தியானத்துக்குள்ள பாதியக் காணோம். ஏமாத்திட்டான் படுபாவி!"

"என்ன, கண்ணாடிகிட்ட சண்டையா?" என்றார் ஆய்வாளர் அம்மா, தலையைத் தூக்காமலே.

அவர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். இரசாயனக் கிடங்குகளைப் பார்வையிடும் பொறுப்பு அவருடையது. இடி விழுந்தாலும் எங்கே விழுந்தது என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார். சின்ன பிளேடால் பென்சிலை மெல்ல மெல்லச் சீவுவார். சீவச் சீவ மீசைக்கு உள்ளே எதையோ சீவுகிற மாதிரி இருக்கும். நகராட்சியில் இவருக்கும் ஒரு பட்டப்பேர் உண்டு: நிதானம்.

"மேடம், அறிக்கையில ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். மூணு மணிக்குத் தலைவர் கூட்டம் வெச்சிருக்கார்."

"வெச்சிருக்கட்டும்."

தொழிற்பேட்டையில் இரசாயனம் சேமித்து வைக்கும் ஆலைகளை ஒவ்வொன்றாகப் பார்வையிட்டு அறிக்கை தர வேண்டும் என்று நகராட்சி தீர்மானம் போட்டிருந்தது. நேற்றுதான் முதல் நாள். காலையில் பெயின்ட் ஆலையைப் பார்த்தார்கள். அங்கே இருக்கும்போதே, இரண்டு தெரு தள்ளியிருக்கிற ப்ளீச்சிங் பவுடர் ஆலையில் குளோரின் கசிந்து ஒருவர் விழுந்துவிட்டார் என்று செய்தி வந்தது. ஓடினார்கள். பார்த்தார்கள். பார்த்ததை மீசை ராத்திரியே தட்டச்சு செய்துவிட்டார். 'கைக்கெட்டும் தூரத்தில் முகமூடி இருந்தும் அதை அணியாமல் உள்ளே சென்றது தொழிலாளியின் அஜாக்கிரதையே' என்ற கடைசி வரி அவருக்கே ரொம்பப் பிடித்திருந்தது. அந்த 'யே' அழுத்தமாக விழுந்திருப்பதாக நினைத்தார்.

கதவருகில் யாரோ நிற்பது தெரிந்தது. ஒரு பெண். தூங்காத கண்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அவர் உள்ளே வந்ததும், துணிக்கு வெளுப்பு போடுகிற வாடை அறை முழுக்கப் பரவியது.

"மேடம், கிடங்குல விழுந்தாரே, அவரோட வீட்டுக்காரி நான். அவர் அஜாக்கிரதைன்னு எழுதப் போறீங்களாமே?"

மீசை கண்ணாடியை விட்டுத் திரும்பினார். "அறிக்கை இன்னும் வெளியவே வரலையே தங்கச்சி! யார் சொன்னா உங்களுக்கு?"

"மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு வந்து சொல்லிட்டுப் போனாரு. நகராட்சியே அப்படித்தான் எழுதுது, இனிமே வைத்தியத்தை நீங்களே பாத்துக்குங்க, வேலையும் கிடையாதுன்னாரு. அவராலதான் வாயுவே கசிஞ்சுதுன்னு போலீஸ்ல வேற சொல்லப்போறாங்களாம். அவருக்குத் தொண்டையில குழாய் சொருகியிருக்கு. ஊசி போட்டுத் தூங்க வெச்சிருக்காங்க. அவருக்கு இப்ப வாய் இல்ல மேடம். நான்தான் பேசணும்."

"உக்காருங்க முதல்ல" என்றார் ஆய்வாளர்.

உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மேசையில் போட்டார். நீலச் சட்டை, தோள்பட்டையில் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது.

"எங்க கல்யாணத்தப்போ அவருக்கு நல்ல மீசை. கிடங்குப் பொறுப்பு குடுத்த அன்னிக்கு வழிச்சுட்டு வந்து நின்னாரு. மீசை தாடி இருந்தா முகமூடி முகத்துல ஒட்டாதாம், இடுக்கு வழியா வாயு உள்ள வந்துருமாம். மூஞ்சிய இப்படிக் கெடுத்துக்கிட்டியேய்யான்னு நான் ரெண்டு நாள் பேசவே இல்ல. அன்னிலேர்ந்து ஒரு நாள் சவரம் தப்பினதில்ல. முகமூடிக்காக மீசையையே எடுத்த மனுஷன், அது பக்கத்துல தொங்கினா விட்டுட்டா போவாரு?"

மீசையின் கை தானாக உதட்டுக்கு மேலே போயிற்று. "தப்பா நினைக்காதம்மா, நான் என் கண்ணால பாத்தேன். கதவுக்குப் பக்கத்துல, கண்ணாடிப் பெட்டிக்குள்ள, ஆணியில தொங்கிச்சு."

"எப்பப் பாத்தீங்க?"

"நாங்க... அங்க போனப்போ."

"அப்போ அவர் ஆஸ்பத்திரிக்கே போயாச்சு அண்ணே."

ஆய்வாளரின் பிளேடு நின்றது. "ஆலையில ஆபத்துச் சங்கு ஊதியிருக்குமே, அப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"வீட்டுலதான் மேடம். ஆலைச் சுவத்தை ஒட்டித்தானே எங்க வரிசை வீடுங்க. வேலை மாத்தற சங்குன்னா குட்டையா ரெண்டு தரம் கூப்பிட்டு நின்னுடும். இது நிக்காம நீளமா ஊதிச்சு. ஆபத்துன்னா அப்படித்தான். பசங்களை இழுத்துக்கிட்டு ஓடினோம். தெருவுல பாதி கூடப் போகல, வாடை நின்னுபோச்சு. உள்ள போய் வால்வை மூடினது இவருதான்னு அப்புறம்தான் தெரிஞ்சுது." அவர் சட்டையை எடுத்து மடித்துக்கொண்டார்.

ஆய்வாளர் அறிக்கையை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினார்.

"மூணு மணிக்கு நீங்களும் கூட்டத்துக்கு வாங்க. எதையும் வாக்குக் குடுக்கல. ஆனா வாங்க."

* * *

ஜீப்பில் போகும்போது மீசைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜன்னலை ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார்.

"நேத்துப் பெயின்ட் ஆலையில என்ன நடந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றார் ஆய்வாளர்.

"நீங்களும்தானே மேடம் இருந்தீங்க?"

"நான் தொட்டி மூடியைப் பாத்துக்கிட்டிருந்தேன். நீங்கதான் வேடிக்கை பாத்தீங்க."

குத்தலா, பாராட்டா? அவர் பேச்சில் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. மீசை சொல்ல ஆரம்பித்தார். போனதும் சங்கச் செயலாளர் வரவேற்றார். தொழிற்பேட்டை முதலாளிகள் சங்கத்தின் செயலாளர். வாய் நிறையச் சிரிப்பு. வேறு வேலையாகப் பேட்டையில் எந்த ஆலைக்குப் போனாலும் இவருடைய வெள்ளை வேன் முன்னாலேயே வந்து நிற்கும். சுவரில் ஒரு முகமூடி தொங்கியது. ரப்பர் முகம், கண்ணுக்குக் கண்ணாடி, தாடையில் சாம்பல் பட்டை போட்ட வடிகட்டி. இது இங்கே எதற்கு என்று ஆய்வாளர் கேட்டதற்கு, "பாதுகாப்புன்னா எல்லாந்தான் வாங்கி வெக்கணும் மேடம்" என்றார் செயலாளர்.

"அப்புறம்?"

மீசையின் முகத்தில் அசடு வழிந்தது. "அப்புறம்... நான் அதைப் போட்டுப் பாத்தேன். சும்மா ஒரு ஆர்வந்தான். யானை மாதிரி தலையை ஆட்டினேன். எல்லாரும் சிரிச்சாங்க. அப்போ ஏதோ சங்கு ஊதிச்சு. செயலாளருக்கு ஒரு போன். பேசிட்டு, 'ஷிப்டு மாத்தற சங்கு சார், கழட்டுங்க கழட்டுங்க, டீ ஆறிடும்'னு அவரே என் முகத்துலேர்ந்து பிடுங்காத குறையா கழட்டினாரு. டீ சொல்லிட்டு வர்றேன்னு ஓடினாரு."

"டீ குடிச்சீங்களா?"

மீசை யோசித்தார். "இல்லியே! டீயே வரல மேடம். செயலாளரும் வரல. விபத்துன்னு தெரிஞ்சு நாம ப்ளீச்சிங் ஆலைக்குப் போனா, நமக்கு முன்னாடியே அங்க நின்னுக்கிட்டிருந்தாரு. அந்த வேனும்."

ஆய்வாளர் அதைப் பென்சிலால் குறித்துக்கொண்டார்.

ப்ளீச்சிங் ஆலையில் மேனேஜர் வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். சட்டைப் பையில் இரண்டு பேனா, இடுப்பில் சாவிக்கொத்து, பேச்சில் தேவைக்கு அதிகமான பணிவு. கிடங்குக்குள் குளோரின் சிலிண்டர்கள் வரிசையாகப் படுத்திருந்தன. ஒன்றை மட்டும் தனியாகச் சங்கிலி போட்டு வைத்திருந்தார்கள். சுமை ஏற்றுகிறவர்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். வேலை எப்போதும்போல நடந்தது. ஆய்வாளரைப் பார்த்ததும் அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நேற்று என்ன நடந்தது என்று மீசை ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தார். "ஓடிட்டோம் சார், ஒண்ணும் பாக்கல" என்று எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

கதவருகில் கண்ணாடிப் பெட்டி. அதில் ஒரு பூட்டு. உள்ளே ஆணியில் முகமூடி.

"எப்பவும் பூட்டியா வெப்பீங்க?"

"ஐயோ, இல்ல மேடம்! அவசரத்துக்கு உதவ வேண்டாமா? வெறும் கொக்கிதான். விபத்து நடந்ததும் நானே பூட்டு போட்டேன், யாரும் கை வெச்சிடக் கூடாதேன்னு. நீங்க நேத்து வந்தப்பவே பூட்டித்தான் இருந்துச்சு. கண்ணாடி வழியாத்தானே பாத்தீங்க. சாவி என்கிட்டயே இருக்கு."

"அதுக்கு முன்னாடி யாராவது இதைப் போட்டாங்களா?"

"போன மாசம் நானே கழுவித் துடைச்சு மாட்டினேன். அதோட சரி. அதுக்கப்புறம் யார் முகத்துலயும் ஏறல, இந்த ஆணியை விட்டு இறங்கவும் இல்ல. அந்த ஆளு ஒரே ஒரு எட்டு வெச்சு எடுத்துப் போட்டிருந்தா இன்னிக்கு இந்தக் கஷ்டமே இல்ல. விதி, வேறென்ன சொல்றது?"

ஆய்வாளர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். கைக்குட்டையால் முகமூடியைப் பிடித்து எடுத்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, உள்பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். மீசை எட்டிப் பார்க்க முயன்றார். அவர் தோளைத் திருப்பிக்கொண்டார்.

"இந்தக் கிடங்குல வேலை செய்றவங்கள்ல மீசை வெச்சவங்க யார் யார்?"

மேனேஜர் நெஞ்சை நிமிர்த்தினார். "ஒருத்தர் கூடக் கிடையாது மேடம். மீசை வெச்சவனை இந்த வாசல் தாண்ட விடமாட்டேன். நானே வழிச்சுட்டுத்தான் இருக்கேன் பாருங்க. அந்த விஷயத்துல நாங்க ரொம்பக் கண்டிப்பு."

"பாத்தாலே தெரியுது" என்ற ஆய்வாளர், முகமூடியை ஒரு பைக்குள் போட்டு, அரக்கு வைத்து, அதன் மேல் மேனேஜரையே கையெழுத்துப் போடச் சொன்னார். மேனேஜர் சந்தோஷமாகப் போட்டார்.

திரும்பும் வழியில் ஜீப் பெயின்ட் ஆலைக்குள் நுழைந்து நின்றது. சுவரில் நேற்று முகமூடி தொங்கிய இடத்தில் வெறும் ஆணி. அதற்கு நேர் கீழே, பெருக்கித் துடைத்த தரையில், புதிதாக ஆணி அடித்ததில் சுண்ணாம்புத் தூள் கொஞ்சம் உதிர்ந்து கிடந்தது.

"கழுவப் போட்டிருப்பாங்க மேடம்" என்றார் மீசை. சொன்ன வேகத்திலேயே அது அவருக்கே சப்பென்று இருந்தது.

"பெயின்ட் ஆவிக்கு என்ன பட்டை வடிகட்டி போடணும்?"

"பழுப்பு."

"சாம்பல் எதுக்கு?"

"குளோரின் மாதிரி வாயுவுக்கு..." மீசை பாதியில் நின்றார். "மேடம்! அப்போ நேத்து இங்க தொங்கினது..."

"நேத்தே எனக்கு உறுத்திச்சு. கேட்டேன். அவர் சிரிச்சு மழுப்பினார், நானும் விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாது."

"ஆனா மேடம், முகமூடி எல்லாம் ஒரே அச்சு. அதுதான் இதுன்னு எப்படிச் சொல்ல முடியும்? இதுல பேரா எழுதியிருக்கு?"

ஆய்வாளர் அவர் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். "உங்க மேசை இழுப்பறையில ஒரு சின்ன புட்டி இருக்கில்ல? கூட்டத்துக்கு முன்னாடி அதைத் தொடாதீங்க."

மீசைக்கு முகமே செத்துவிட்டது. அந்தப் புட்டி இருப்பது அவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தார்.

* * *

கூட்ட அறையில் நீள மேசை. தலைப்பக்கத்தில் நகராட்சித் தலைவர், பார்வைக்கே அவசரமாக. ஒரு பக்கம் மேனேஜர், சங்கச் செயலாளர். எதிர்ப்பக்கம் அடிபட்ட தொழிலாளியின் மனைவி, நாற்காலியின் நுனியில். நடுவில் அரக்கு வைத்த பை.

செயலாளர் வழக்கம்போலச் சிரிப்போடு ஆரம்பித்தார். "எங்க பேட்டையில பாதுகாப்புல ஒரு குறை சொல்ல முடியாது தலைவரே. ஆய்வாளர் மேடமே நேத்து எல்லாம் பாத்தாங்க. ஏதோ அந்த ஆளோட கெட்ட நேரம்."

"கெட்ட நேரந்தான்" என்றார் ஆய்வாளர். "அந்த நேரத்தைப் பத்தித்தான் பேசப்போறேன். மேனேஜர், இந்தப் பையில இருக்கறது உங்க கிடங்கு முகமூடிதானே?"

"ஆமாம் மேடம்."

"போன மாசம் கழுவினதுக்கப்புறம் யார் முகத்துலயும் ஏறல. ஆணியை விட்டு இறங்கல. விபத்துக்கப்புறம் பூட்டியே இருந்துச்சு. இன்னிக்குக் காலையில உங்க கண் முன்னாடி பையில போட்டேன். சரிதானே?"

"நூத்துக்கு நூறு."

ஆய்வாளர் அரக்கை உடைத்து, முகமூடியைத் திருப்பி, மேசையில் வைத்தார். சாம்பல் ரப்பரின் உள்பக்கத்தில், மேலுதடு படுகிற இடத்தில், கறுப்பாக ஒரு தீற்றல். அகலமான தீற்றல், ஒரு பக்கத்தில் மட்டும் விரல்நுனி அளவுக்கு இடைவெளி.

"இது மீசைச் சாயம். ஈரம் காயாத மீசை பட்டதால ஒட்டினது. உங்க கிடங்குல மீசை வெச்சவங்க யாருமே இல்லைன்னு நீங்களே சொன்னீங்க. அடிபட்டவர் இந்த முகமூடிக்காகவே மீசையை எடுத்தவர். அப்ப இது யாரோட மீசை?"

மேனேஜர் முழித்தார். "எவனாவது... வெளியாள் எவனாவது வந்து..."

"வெளியாள்தான். அவர் இந்த அறையிலயே இருக்கார்."

எல்லாரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். பிறகு எல்லாப் பார்வையும் ஒரே இடத்தில் வந்து நின்றது. மீசைக்கு அப்போதுதான் உறைத்தது. காதுமடல் சூடேறியது. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. ஊரறிந்த ரகசியம்தான், ஆனால் தலைவர் முன்னால், தன் வாயால் சொல்வதென்பது வேறு. எதிரே அந்தப் பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மடியில் அந்த நீலச் சட்டை இருந்தது.

மீசை எழுந்தார்.

"அது என் மீசைதாங்க" என்றார். "நான் சாயம் பூசறவன். நேத்துத் தலைவர் கூடப் படம் எடுப்பாங்கன்னு விடிகாலையில பூசினேன். அவசரத்துல காயவிடல. இந்த இடது பக்கம் பாருங்க, முடி இல்லாத இடம். அங்க சாயமும் ஒட்டல." அவரே முகமூடியைத் திருப்பி முகத்தருகே பிடித்துக் காட்டினார். தீற்றலின் இடைவெளியும் மீசையின் வெட்டும் பட்டென்று பொருந்தின. தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இதை எங்க போட்டீங்க?" என்றார் ஆய்வாளர்.

"பெயின்ட் ஆலையில. ப்ளீச்சிங் ஆலையில நான் இதைத் தொடவே இல்ல, கண்ணாடி வழியா பாத்ததோட சரி."

"போட்டுக்கிட்டிருக்கும்போது என்ன கேட்டுச்சு?"

மீசை முகமூடியை மெல்ல மேசையில் வைத்தார். "சங்கு" என்றார். "நிக்காம, நீளமா."

தொழிலாளியின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார்.

"செயலாளரே, ஷிப்டு மாத்தற சங்குன்னு சொன்னீங்க. அது குட்டையா ரெண்டு தரம் ஊதும்னு சுவத்துக்குப் பக்கத்து வீட்டுல இருக்கறவங்களுக்குத் தெரியுது. பேட்டையிலயே காலத்தைக் கழிச்ச உங்களுக்குத் தெரியாதா? அப்ப வந்த போன் மேனேஜரோடது. முகமூடியை இவர் முகத்துலேர்ந்து கழட்டி, டீன்னு சொல்லிட்டு, வேன்ல போட்டுக்கிட்டு ஓடினீங்க. நாங்க வர்றதுக்குள்ள இருந்த இடத்துல மாட்டினீங்க. மேனேஜர் பூட்டு போட்டார். அந்தப் பூட்டுதான் இப்ப உங்களைக் காட்டிக் குடுக்குது. பூட்டாம விட்டிருந்தா, நேத்து அங்க வெச்சு இவர் போட்டுப் பாத்தார்னு சொல்லித் தப்பிச்சிருப்பீங்க."

செயலாளரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. மேனேஜர்தான் முதலில் உடைந்தார்.

"நான் வேணாம்னுதான் மேடம் சொன்னேன்! ஒரு மணி நேரந்தான், பெயின்ட் ஆலை ஆய்வு முடிஞ்சதும், அவங்க உங்க ஆலைக்கு வர்றதுக்கு முன்னாடியே கொண்டுவந்து மாட்டிடறேன்னு இவர்தான்..."

"என்னய்யா, என் தலையில கட்டறே?" செயலாளர் சீறினார். பிறகு தலைவர் பக்கம் திரும்பிக் குரலைத் தழைத்துக்கொண்டார். "தலைவரே, இது ஊர்ல நடக்காததா? ஒரு ஆலைக்கு ஆய்வுன்னா இன்னொரு ஆலையிலேர்ந்து மணல் வாளி போகும், தீயணைப்பான் போகும். கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் வாங்கற மாதிரிதான். ஒருத்தருக்கொருத்தர் உதவி. அந்த நேரம் பாத்துக் கசியும்னு யார் கண்டா?"

"பேட்டை முழுசுக்கும் ஒரே முகமூடிதானா?" என்றார் தலைவர்.

செயலாளர் தலையைக் குனிந்துகொண்டார். அதுவே பதிலாக இருந்தது.

ஆய்வாளர் பென்சிலை மேசையில் கிடத்தினார். அவர் குரல் இப்போதும் உயரவில்லை. "எந்த நாள் எந்த ஆலைக்கு வர்றோம்னு முன்கூட்டியே அவங்களுக்குக் கடிதம் அனுப்பினது நான். வேன் எந்தப் பக்கம் போகணும்னு வழி காட்டினதே நான்தான். அதையும் அறிக்கையில எழுதறேன். ஆனா அஜாக்கிரதைங்கற வார்த்தை அந்த மனுஷனுக்கு வராது. சங்கு ஊதினதும் அவர் கிடங்குக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்திருப்பார். வெறும் ஆணி. சுவத்துக்கு அந்தப் பக்கம் பொண்டாட்டி பிள்ளைங்க. அவர் உள்ள போனார், வால்வை மூடினார். அவர் தேடின முகமூடி எங்க இருந்துச்சுன்னா, எங்க ஆய்வுக் குழு முன்னாடி யானை வேஷம் போட்டுக்கிட்டிருந்துச்சு."

மீசை உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் சிரித்தார்களே, தானும் சிரித்தோமே, அந்தச் சிரிப்பு நடந்துகொண்டிருந்தபோதுதான் ஒருவர் வெறும் ஆணியைத் தடவிக்கொண்டிருந்தார் என்ற நினைப்பு அவர் நெஞ்சை அடைத்தது. கண் கலங்கியது. அதை மறைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

தலைவர் ஏதேதோ சொன்னார். போலீஸுக்குச் சொல்லச் சொன்னார். வைத்தியப் பொறுப்பு முழுக்க ஆலையுடையது என்று எழுதச் சொன்னார். மேனேஜர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "உங்க வீட்டுக்காரர் மேல ஒரு குத்தமும் இல்லம்மா, நிம்மதியாப் போங்க" என்றார் தலைவர்.

அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. மேசையில் கிடந்த முகமூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது இங்க இருக்கே சார்" என்றார். "அப்ப அந்த ஆணி இப்பவும் காலிதானே? உள்ள ஆளுங்க வேலை செய்றாங்களே?"

காலையில் முகமூடியைப் பைக்குள் போட்டு எடுத்து வந்தது யார்? ஆய்வாளரின் முகத்திலிருந்து முதல் தடவையாக நிதானம் கழன்று விழுந்ததை மீசை பார்த்தார். அவர் ஒரு தாளை இழுத்து, கிடங்கை மூடும் உத்தரவை நின்றபடியே எழுதினார். தலைவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

"மீசை, ஓடுங்க!"

ஓடினார். வாழ்நாளெல்லாம் எதற்கென்று தெரியாமல் பறந்த மனுஷன், அன்றைக்குத்தான் காரணத்தோடு ஓடினார். படியில் நின்று திரும்பி, "எதுன்னாலும் இந்த அண்ணனுக்கு ஒரு போன் போடும்மா" என்று எண்ணைச் சொல்லிவிட்டு மறுபடி ஓடினார். ஜீப் ஓட்டுநரை வழியெல்லாம் "சீக்கிரம் சீக்கிரம்" என்று பிடுங்கி எடுத்தார். கிடங்கு வாசலில் இறங்கியதும் இறங்காததுமாக, "வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க!" என்று கத்தினார். சுமை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒருவர் மட்டும் காலியான கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "நேத்தும் இப்படித்தான் சார் இருந்துச்சு" என்று முணுமுணுத்தார். "இதை ஆய்வாளர் மேடம்கிட்ட வந்து சொல்லுவீங்களா?" என்றார் மீசை. அவர் கொஞ்சம் தயங்கி, சரி என்றார்.

கடைசி ஆள் வந்ததும், ஒவ்வொரு சிலிண்டரின் வால்வும் மூடியிருக்கிறதா என்று வாசலில் நின்றபடியே எட்டி எட்டிப் பார்த்தார். நேற்றுக் கசிந்த சிலிண்டரை இரண்டு தரம் பார்த்தார். பிறகு கதவை இழுத்துப் பூட்டி, உத்தரவை ஒட்டி, அரக்கை வைத்தார். வெயில் தாழ்ந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் கேட்டது.

போன் அடித்தது.

"அண்ணே, நான்தான். அவர் கண்ணு முழிச்சுட்டாரு. பேச முடியல. கையை மட்டும் இப்படி இப்படித் திருப்பித் திருப்பிக் காட்டறாரு. வால்வு மூடினபடி இருக்கான்னு கேக்கறாரு போலிருக்கு. நான் என்ன சொல்லட்டும்?"

மீசை பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

"மூடித்தான் இருக்கு, நான் பாத்துட்டேன்னு சொல்லும்மா. உள்ள யாரும் இல்லைன்னும் சொல்லு."